குழாய்க்குள் பிறந்த கடல்

ஒரு சினிமா பிறக்க முதலில் கதை வேண்டும். கதை இல்லாவிட்டால் ஒரு நட்சத்திரத்தின் கால்ஷீட்டாவது வேண்டும். 1916-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்ற மௌனப் படம் தொடங்கியபோது இரண்டும் இல்லை. ஓர் உலோகக் குழாய் மட்டும் இருந்தது. அந்தக் குழாய்க்குத் தோதான கதையைத் தேடிப் போனவர்கள் ஜூல்ஸ் வெர்னிடம் போய் நின்றார்கள். அவருடைய நாவல்களில் ஒன்றல்ல, இரண்டை எடுத்து ஒரே படத்துக்குள் திணித்தார்கள். கடலுக்குள்ளேயே படம்பிடித்துக் கதை சொன்ன முதல் முழுநீளப் படம் என்று சினிமா வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்தது.

குழாயைச் செய்தவர் சார்லஸ் வில்லியம்சன் என்ற கப்பல் கேப்டன். அவருக்கும் சினிமாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூழ்கிய கப்பல்களை மீட்கவும், நீருக்கடியில் பழுது பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கம். அக்காலத்தில் கனத்த உடையும் செம்புத் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு மூழ்காளிகள் இறங்குவார்கள். மேலே இருந்து காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும். ஆழம் கூடக் கூட உடம்பின் மீது அழுத்தமும் கூடும். அவசரப்பட்டு மேலே ஏறினால் ரத்தத்தில் வாயு குமிழிட்டு ஆளை முடக்கிவிடும். வில்லியம்சன் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனார். ஆர்மோனியத் துருத்தி போல நீளவும் சுருங்கவும் கூடிய அகலமான உலோகக் குழாயை ஒரு படகின் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறக்கினார். மேல்முனை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ஆகவே உள்ளே இருக்கும் காற்று நாம் தெருவில் சுவாசிக்கும் அதே காற்று, அதே அழுத்தம். கடலின் எடையைக் குழாய் தாங்கிக்கொள்ளும். உள்ளே இறங்கும் மனிதன் சட்டை நனையாமல் அடிமட்டம் வரை போய்வரலாம்.

கேப்டனின் மகன் ஜான் எர்னெஸ்ட் வில்லியம்சன் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் துறைமுக நகரில் பத்திரிகை வேலையில் இருந்தார். அப்பா குழாய்க்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்தார் என்றால், மகன் இறங்கியதும் பார்த்தது செய்தியை. கேமராவைக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. குழாயின் கீழ்முனையில் ஓர் உருண்டை அறையைப் பொருத்தினார்கள். அதன் ஒரு பக்கம் புனல் மாதிரி விரிந்து, ஏறத்தாழ ஐந்தடி அகலமுள்ள தடித்த கண்ணாடியில் போய் முடியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்த கேமராக்காரர். 1913 வாக்கில் அங்கிருந்து எடுத்த புகைப்படங்கள் நன்றாகவே வந்தன. அசையும் படம் எடுக்கலாம் என்ற துணிவும் வந்தது.

இதற்கு முன்பு யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1893-இலேயே மத்தியதரைக் கடலில் நீர்புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துப் புகைப்படம் எடுத்திருந்தார். சினிமாவில் மாயவித்தைகளின் தகப்பனான ஜார்ஜ் மெலியே 1907-இல் இதே வெர்ன் நாவலைக் கேலிக்கூத்தாக ஒரு குறும்படம் ஆக்கினார். அதில் கடல் என்பது தீட்டிய துணித்திரைதான். எனக்கு அந்தத் துணிக்கடல் பிடிக்கும். அது பொய் என்பதை அது மறைப்பதே இல்லை. ஆனால் வில்லியம்சன் சகோதரர்கள், அதாவது எர்னெஸ்டும் தம்பி ஜார்ஜும், விற்க நினைத்தது மெய்யான கடலை.

மெய்யான கடல் என்றால் தெளிந்த கடல் வேண்டும். வர்ஜீனியாக் கரையோரத்து நீர் கலங்கல். 1914-இல் அவர்கள் பஹாமாஸ் தீவுகளுக்குப் போனார்கள். பெரிய ஆறு எதுவும் வந்து கலக்காததால் அங்கே சேறு கிடையாது. அடியில் வெள்ளை மணல், மேலே உச்சி வெயில். மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இன்னொரு சாதகமும் இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை போகும். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை பிலிமுக்கோ சிவப்பு அநேகமாகத் தெரியவே தெரியாது, நீலம்தான் தெரியும். கடல் எதைப் பறித்துக்கொண்டதோ அது பிலிமுக்குத் தேவையாகவே இருக்கவில்லை. வெளிச்சம் போதாத இடங்களில் பாதரச ஆவி விளக்குகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். குழாயைத் தாங்கிய படகுக்கு வைத்த பெயர் ‘ஜூல்ஸ் வெர்ன்’. கதை கிடைப்பதற்கு முன்பே கதாசிரியர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் பயணத்தில் எடுத்தது ஒரு விவரணப் படம். பவளப் பாறைகள், மீன் கூட்டம், காசு போட்டால் பாய்ந்து எடுக்கும் உள்ளூர்ப் பையன்கள் எல்லாம் அதில் உண்டு. முதலீடு செய்தவர்களுக்கு அது போதவில்லை. சுறாவோடு மனிதன் மோத வேண்டும் என்றார்கள். செத்த குதிரை ஒன்றை வாங்கித் தண்ணீரில் கட்டிச் சுறாக்களை வரவழைத்தார்கள். உள்ளூர் மூழ்காளிகள் கத்தியோடு குதித்தார்கள். ஆனால் சண்டை கண்ணாடிச் சன்னலின் எல்லைக்குள் நடக்கவில்லை. சுறாவுக்கு ஃபிரேம் தெரியுமா என்ன? கடைசியில் எர்னெஸ்ட் வில்லியம்சனே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கேமரா பார்க்கும் இடம் எது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். குத்தியது படத்தில் விழுந்தது. பிற்பாடு 1936-இல் எழுதிய தன் நினைவுநூலில் இதை அவரே விவரிக்கிறார். தங்களைப் பற்றி எழுதும் சாகசக்காரர்களை நான் பாதிதான் நம்புவது வழக்கம். இங்கே பிலிம் சாட்சிக்கு இருந்தது.

இனிக் கதைக்கு வருவோம்.

ஜூல்ஸ் வெர்ன் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலை 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் என்பது அவர் வானத்திலிருந்து பறித்த கற்பனை அல்ல. பிரெஞ்சுக் கடற்படை ஏற்கெனவே ஒரு நீர்மூழ்கியைச் செய்து பார்த்திருந்தது; அதன் மாதிரி 1867 பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்தது. கடலுக்கடியில் ஒரு பயணக் கதை எழுதலாமே என்று அவரிடம் கடிதத்தில் கேட்டவர் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட். வெர்னுடைய சொந்தச் சரக்கு, நாவலில் வரும் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியை ஓட்டிய மனிதர்தான். உலகத்தின் மேல் வெறுப்போடு, பன்னிரண்டாயிரம் புத்தகங்களோடும் ஓர் ஆர்கனோடும் கடலுக்கடியில் வாழும் கேப்டன் நெமோ.

நெமோவுக்கு ஏன் அவ்வளவு கோபம்? வெர்ன் முதலில் நினைத்தது அவர் போலந்துப் பிரபு என்று. 1863-இல் போலந்து ரஷ்யாவை எதிர்த்துக் கிளர்ந்தபோது குடும்பத்தை இழந்தவர், ரஷ்யக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடிப்பவர். பதிப்பாளர் எட்செல் ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் வெர்னின் புத்தகங்களுக்கு நல்ல விற்பனை. அரசியல் வம்பு வேறு. கடிதங்கள் பறந்தன. அடிமை வியாபாரக் கப்பல்களைத் தாக்குபவராக நெமோவை ஆக்கலாமே என்று பதிப்பாளர் கேட்டார், வெர்ன் மறுத்தார். கடைசியில் நெமோவுக்கு நாடே இல்லாமல் நாவல் வெளியானது. வாசகனுக்கு அது நல்லதாகவே முடிந்தது என்பேன். காரணம் சொல்லாத கோபம் அந்தப் புத்தகம் முழுவதும் மிதந்துகொண்டிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, 1874–75-இல் தொடராக வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வெர்ன் முடிச்சை அவிழ்த்தார். நெமோ ஓர் இந்தியர். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் டக்கார். திப்பு சுல்தானின் மருமகன் முறை. ஐரோப்பாவில் படித்தவர். 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, மனைவி மக்களை இழந்து, எஞ்சிய ஆட்களோடு ஒரு தீவுக்குப் போய் நாட்டிலஸைக் கட்டியவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் திப்பு இறந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் இவர் பிறந்திருக்க வேண்டும். புந்தேல்கண்டுக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் எப்படிச் சம்பந்தம் என்றும் கேட்கக்கூடாது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர் வெர்ன். அவருக்குத் தெரிந்த, ஆங்கிலேயரை நடுங்கவைத்த பெயர் திப்பு, எடுத்து ஒட்டிவிட்டார்.

ஆனால் முதல் நாவலிலேயே இதற்கு ஒரு துப்பு இருக்கிறது, அது நம் கடலில்தான் நடக்கிறது. நாட்டிலஸ் இலங்கைக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துப்பார்களைப் பார்க்கலாம் வாருங்கள் என்று நெமோ விருந்தாளிகளை அழைத்துப் போகிறார். மாதம் ஜனவரி. முத்துக்குளிப்புப் பருவம் இன்னும் தொடங்கவில்லை, பார் வெறிச்சோடிக் கிடக்கிறது. அங்கே ஓர் ஏழை மட்டும், முந்திக்கொண்டு வந்தவன், காலிடுக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான், சிப்பியைப் பறிக்கிறான், ஏறுகிறான், மறுபடி இறங்குகிறான். சுறா வருகிறது. நெமோ குத்துவாளோடு பாய்கிறார். அவனைக் காப்பாற்றி, மயக்கம் தெளிந்ததும் ஒரு பை நிறைய முத்துகளைக் கையில் வைக்கிறார். அவன் ஒடுக்கப்பட்ட நாட்டவன், நானும் அந்த நாட்டவனே என்ற பொருளில் பிறகு ஒரு பேச்சு.

அந்த ஏழைக்கு வெர்ன் பெயர் வைக்கவில்லை. மன்னார்ப் பார்களில் மூழ்கியவர்கள் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டவரும். சுறா பயத்துக்காகக் கடற்கட்டி என்ற மந்திரக்காரர் கரையில் உட்கார்ந்து கடலைக் கட்டினால்தான் பலர் இறங்குவார்கள். ஆங்கிலேய அரசே அவருக்குப் படியளந்தது. வெர்னின் மூழ்காளிக்குக் கடற்கட்டி இல்லை. நெமோ கிடைத்தார்.

குழாயும் கதையும் சந்தித்த இடம் யுனிவர்சல் ஸ்டுடியோ. 1915 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று லூசிடானியா பயணிகள் கப்பலை மூழ்கடித்ததில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். நீர்மூழ்கி என்ற சொல் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை விட்டு இறங்கவே இல்லை. நீருக்கடியில் படமெடுக்கும் கருவி கையில் இருக்கிறது. ஊரே நீர்மூழ்கியைப் பற்றிப் பேசுகிறது. இதற்கு மேல் ஒரு தயாரிப்பாளருக்கு என்ன வேண்டும்? இயக்கியவர் ஸ்டூவர்ட் பேட்டன். நெமோவாக நடித்தவர் ஆலன் ஹோலுபர்.

திரைக்கதையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கஷ்டம். ஒரு பக்கம் நாட்டிலஸ், அதில் சிறைப்பட்ட பேராசிரியர் அரோனாக்ஸ், நாவலில் இல்லாத அவருடைய மகள். இன்னொரு பக்கம் பலூனில் தப்பி மர்மத் தீவில் விழுந்த வீரர்கள். தீவில் தனியாக வளர்ந்த ஒரு காட்டுப் பெண். அவள் நெமோவின் காணாமல்போன மகளாம். டென்வர் என்று ஒரு வில்லன், மனச்சாட்சி உறுத்தி அவனும் படகேறி அங்கேயே வந்து சேர்கிறான். இரண்டு நாவல்களின் பாத்திரங்களும் ஒரே தீவில் முட்டிக்கொள்ளும்போது நமக்குத் தலை சுற்றுகிறது.

கடலுக்குள் போனதும் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். நெமோ தன் விருந்தாளிகளுக்குக் கப்பலின் வட்டச் சன்னலைத் திறந்து காட்டும் காட்சியைப் பாருங்கள். பவளக் காடு மெல்ல நகர்கிறது, மீன்கள் வருகின்றன, போகின்றன, சுறா ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. கதை அப்படியே நின்றுவிடுகிறது. விருந்தாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து வாய்பிளந்து பார்க்கிறார்கள், அரங்கத்தில் மக்களும் அதேபோல. நாட்டிலஸின் சன்னலாக அங்கே நாம் பார்ப்பது வில்லியம்சனின் கண்ணாடிதான். அப்பா கப்பல் பழுது பார்க்கச் செய்த குழாய், வேடம் மாற்றாமலே நெமோவின் கப்பலாக நடித்துவிட்டது.

பிறகு மூழ்காளிகளின் ஊர்வலம். மேலிருந்து காற்றுக்குழல் தொங்காத உடையில் நெமோவின் ஆட்கள் கடல்தரையில் நடந்து வேட்டைக்குப் போவதாக நாவல் சொல்கிறது. குழல் தெரிந்தால் கதை கெட்டது. ஆகவே, விட்ட மூச்சிலுள்ள கரிவாயுவை ரசாயனத்தில் உறிஞ்சி, பிராணவாயுவைத் திரும்பக் கொடுக்கும் கருவிகளை முதுகில் கட்டி இறக்கினார்கள். அந்த ரசாயனத்தில் கடல்நீர் கசிந்து கலந்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். திரையில் அவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடப்பதில் நடிப்பு கொஞ்சம்தான் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் டிக்கெட் வாங்கியது ஆக்டோபஸுக்காக. இங்கேதான் படம் தெரிந்தோ தெரியாமலோ ஓர் அழகான காரியம் செய்தது. நாவலில் ராட்சதக் கணவாய்கள் நாட்டிலஸைத் தாக்குவது பஹாமாஸ் பக்கத்தில்தான். முத்துக்குளிப்பவனைச் சுறா தாக்குவது மன்னாரில். படம் இரண்டையும் சேர்த்துவிட்டது. பஹாமாஸ் கடலில் முத்தெடுக்கும் ஒருவனை ஆக்டோபஸ் பிடித்துக்கொள்ள, நெமோ இறங்கி வந்து அதன் கரங்களை வெட்டி அவனை மீட்கிறார். ஆக்டோபஸ் ரப்பராலும் துணியாலும் செய்தது. கரங்களுக்குள் சுருள்கம்பிகள், தலைக்குள் ஒரு மூழ்காளி உட்கார்ந்து ஆட்டுவிப்பார். இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள நீர் மெய்யானது, மேலிருந்து விழும் வெயில் மெய்யானது, கலங்கி எழும் மணல் மெய்யானது. பொய்யை நம்பவைக்க அது போதும்.

படம் 1916 டிசம்பரில் வெளியானது. தொடக்கத்திலேயே வில்லியம்சன் சகோதரர்கள் திரையில் தோன்றித் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். எழுதியவருக்கும் நடித்தவருக்கும் முன்னால் குழாய்க்காரர்களுக்கு மரியாதை, நியாயம்தான். இறுதியில் நெமோ தன் பழங்கதையைச் சொல்ல, இந்திய அரண்மனை, கூட்டம், கலகம் என்று திரை நிறைகிறது. ஹோலுபர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக நிற்கிறார். அதைப் பார்க்க இன்று கூச்சமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெர்னின் நெமோவுக்குப் பகை ஒரு சாம்ராஜ்யத்தோடு. இந்தப் படத்தில் அது டென்வர் என்ற ஒரு தனி அயோக்கியனோடு சுருங்கிவிட்டது. அவன் இளவரசரின் மனைவியிடம் முறைகேடாக நடந்தான், அவள் உயிரை விட்டாள், ஆகவே பழி. 1857 வெறும் பின்னணித் துணி ஆகிவிட்டது. இருந்தாலும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நெமோ இந்தியர் என்பதையாவது இந்தப் படம் மறைக்கவில்லை.

பிறகு வந்தது மறைத்தது. 1954 டிசம்பரில் வால்ட் டிஸ்னி நிறுவனம் இதே கதையை வண்ணத்தில், அகலத்திரையில் எடுத்தது. இயக்கம் ரிச்சர்ட் ஃப்ளைஷர், நெமோவாக ஆங்கிலேய நடிகர் ஜேம்ஸ் மேசன். அதற்கும் நீருக்கடிக் காட்சிகள் பஹாமாஸ் கடலில்தான். கணவாய்ச் சண்டையை முதலில் அமைதியான கடலில் மாலைச் செவ்வானத்தின் கீழ் எடுத்துப் பார்த்தார்கள், கம்பிகள் பல்லிளித்தன. எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இரவு, புயல், கொட்டும் மழை என்று வைத்து மறுபடி எடுத்தார்கள். மழையில் கம்பி மறைந்தது, படம் பிழைத்தது, கலைக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. மேசனின் நடிப்பு அபாரம். ஆனால் அவருடைய நெமோ எந்த நாட்டவர் என்று படம் வாய்திறப்பதில்லை. அந்த வருடம் ஜனவரியில்தான் அமெரிக்கா தன் முதல் அணுசக்தி நீர்மூழ்கியைக் கடலில் இறக்கி அதற்கு நாட்டிலஸ் என்றே பெயர் வைத்திருந்தது. படத்தின் நெமோவும் அணுவின் ரகசியம் அறிந்தவராக மாறிப்போனார். ஓர் இந்திய நடிகர் ஹாலிவுட்டில் நெமோவாக வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் நசீருதீன் ஷா. படம் சுமார்தான், அவர் சுமாராக இல்லை.

குழாய் என்ன ஆயிற்று? எர்னெஸ்ட் வில்லியம்சன் அதை விடவே இல்லை. 1929-இல் எம்.ஜி.எம். ‘மர்மத் தீவு’ எடுத்தபோதும் அவர்தான் பஹாமாஸுக்குப் போனார். 1939-இல் அந்தக் கண்ணாடி அறைக்குள் பஹாமாஸ் அரசு ஓர் அஞ்சலகத்தையே திறந்தது. கடல்தரை என்று முத்திரை குத்திய கடிதங்கள் அங்கிருந்து போயின. தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இன்றும் அது ஒரு பொக்கிஷம்.

1916 படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2016-இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அதன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தீவுக் காட்சிகளில் பொறுமை போனால் ஓட்டிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. நெமோ சன்னலைத் திறக்கும் இடத்தையும் முத்துக்குளிப்பவனை மீட்கும் இடத்தையும் மட்டும் ஓட்டாமல் பாருங்கள்.